அம்சவேணி பாடிய வெள்ளிக்கிழமைகள்

அம்சவேணி பாடினால், அவள் குரல் எட்டும் தூரம்வரை ஆம்பூரில் தோல் நாற்றம் இருக்காது. இது முதலில் தெரிந்தது 1909-ஆம் வருஷம் ஆடி மாதம், அம்மன் கோயிலில் கூழ் ஊற்றிய அன்று. தோல் பதனிடும் ஷாப்பில் தொட்டி வேலை பார்த்த கன்னியப்பனுக்கு வாழ்க்கைப்பட்டு அவள் வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. அவள் குரலெடுத்ததும் கூழில் நறுக்கிப்போட்ட சின்ன வெங்காயத்தின் வாசனை நாலு தெருவுக்கும் போனது. யாரும் மயங்கி விழவில்லை. மூக்கைத் தேய்த்துப் பார்த்துவிட்டு, இன்னொரு பாட்டு பாடச் சொன்னார்கள்.

பிறகு ஊர் அவளைச் சும்மா விடுமா? ஷாப்பு முதலாளி சத்தார் சாயபு மகள் மஹ்பூபியின் நிக்காஹில் பெண்களோடு உட்கார்ந்து, ஒரு தரம் கேட்ட உருதுப் பாட்டை அப்படியே பாடினாள். பிரியாணி வாசனை ரயிலடிவரை போய், பெங்களூர் வண்டியிலிருந்து ஏழு பேர் அழைக்காமலே இறங்கி வந்தார்கள். அவர்களுக்கும் இலை போட்டார்கள். பக்கத்து வீட்டு அன்னம்மாள் கிறிஸ்துமஸுக்குச் சர்ச்சில் பாட வைத்தாள். மெழுகுவத்திக்கும் வாசனை உண்டென்று பாதிரியாருக்கே அன்றுதான் தெரிந்தது. பாடும்போது அம்சவேணிக்குத் தான் ஓர் ஆள் உயரம் கூடிவிட்டதுபோல் இருக்கும். அந்தச் சந்தோஷத்தை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

வினை கன்னியப்பன் மூக்கில் வந்தது. சுண்ணாம்புத் தொட்டியில் ஊறும் தோலை எப்போது எடுப்பதென்று அவன் முகர்ந்துதான் சொல்வான். அவன் அப்பாவும் அப்படித்தான். மற்றவர்களைப்போல தோலின் மயிரை இழுத்து, கழல்கிறதா என்று பார்ப்பது அவனுக்குக் கௌரவக் குறைச்சல். வீடோ ஷாப்பை ஒட்டிய சந்தில். அடுத்த வருஷக் கிறிஸ்துமஸுக்கு அவள் ஒரு வாரம் பாடிப் பழகினாள். அவன் தினமும் தொட்டிமேல் குனிந்து, நாற்றம் ஒன்றும் வராமல், "இன்னும் ஆவல" என்று திரும்பினான். எட்டாம் நாள் இருநூறு ஆட்டுத்தோலும் குழைந்து கையோடு வந்தன. சத்தார் சாயபு கத்தவில்லை. "உன் மூக்குக்கு இன்னா ஆச்சு கன்னியப்பா?" என்று மட்டும் கேட்டார். அதுதான் அவனைக் கொன்றது.

"இனிமே நீ பாடக்கூடாது. என் தலைமேல கைவெச்சு சத்தியம் பண்ணு" என்றான். பண்ணினாள். ஒன்பது வருஷம் பாட வாயைத் திறக்கவில்லை. ஊர் கெஞ்சிப் பார்த்து ஓய்ந்தது. தொண்டையில் பாட்டு முட்டும்போதெல்லாம் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தாள். கிணற்றடிக்கு அவள்தான் அதிகம் நடந்தாள். நாற்றம் முன்னைவிட ஜாஸ்தி என்று எல்லாரும் சொன்னார்கள்.

பத்தாம் வருஷம் பெண் குழந்தை பிறந்தது. பத்தொன்பதாம் நாள் வெள்ளிக்கிழமை. ஜும்மா தொழுகைக்காக ஷாப்பு மூடியிருந்தது. குழந்தை மூச்சு முட்ட அழுதது. கன்னியப்பன் தோளில் போட்டு உலாத்தியும் அடங்கவில்லை.

"பாடேன் அம்சா."

"சத்தியம் பண்ணிட்டேனே."

"என் தலைதான? நான் சொல்றேன், பாடு. இன்னைக்கு எவன் தொட்டியத் தொறக்கப் போறான்?"

குரல் முதலில் கரகரத்தது, பிறகு வழிவிட்டது. தோளிலிருந்த குழந்தையின் உச்சந்தலையிலிருந்து பால் வாசனை வந்தது. பிறந்தது முதல் தோலையும் சுண்ணாம்பையுமே முகர்ந்து பழகிய கன்னியப்பன் அப்படியே நின்றுவிட்டான். பிறகு மெல்ல நகர்ந்து, பாடிக்கொண்டிருந்தவளின் கழுத்தருகே முகத்தை வைத்தான். கல்யாணமாகிப் பதினோரு வருஷமாகியிருந்தது.

"இதான் உன் வாசனையா அம்சா?" என்று கேட்டுவிட்டு அவன் விக்கி விக்கி அழுதான். அவள் பாட்டை நிறுத்தவில்லை.

அதற்கப்புறம் வெள்ளிதோறும் பாடினாள். ஆம்பூரில் பெண் பார்க்க வருகிறவர்களை வெள்ளிக்கிழமை வரச்சொல்வது வழக்கமாயிற்று. சனிக்கிழமை காலை கன்னியப்பன் தொட்டிமேல் குனிவான். நாற்றம் சரியாக இருக்கும்.