ஈரக் கை

எங்கள் தோர்சே மலையில் ஆண்கள் நெய்வார்கள், பெண்கள் நூற்பார்கள். நடக்கத் தெரிந்த பெண்ணுக்குத் தக்ளி சுற்றவும் தெரியும். அப்படிப்பட்ட ஊருக்குள் என் அண்ணன் அன்ஜூலோ, தக்ளியைத் தொட்டே பார்க்காத ஒருத்தியைக் கட்டிக்கொண்டு வந்தான்.

அண்ணி பிசுனேஷ் குயவர் வீட்டுப் பெண். எங்கள் ஆட்கள் குயவர் வீட்டில் பெண் எடுக்க மாட்டார்கள், பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடவும் மாட்டார்கள். அவர்கள் வனைந்த பானையில் மட்டும் கூச்சமில்லாமல் பொங்கித் தின்பார்கள். 'வெளியூரில் வளர்ந்த நம் சனம்தான்' என்று அண்ணன் ஊருக்குப் புளுகிவிட்டான். அவர்கள் இருவரையும் தவிர உண்மை தெரிந்த ஒரே ஆள் நான். வெளியே தெரிந்தால் அன்றைக்கே அண்ணியை மலையிறக்கிவிடுவார்கள்.

புதுப்பெண் மூன்று மாதம் வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும். அது முடிகிற நாளில் அக்கம்பக்கத்துப் பெண்கள் தக்ளியோடு வந்து அவளோடு உட்கார்ந்து நூற்பார்கள். அண்ணிக்கு நூற்கச் சொல்லித்தர எங்களுக்கு இருந்தது அந்த மூன்று மாதம்தான்.

தக்ளியைத் தொடையில் உருட்டித் தொங்கவிட்டால் சுழன்றபடி கீழே இறங்கும். இறங்க இறங்கப் பஞ்சை விட்டுக்கொடுக்க வேண்டும். அண்ணி விட்டுக்கொடுக்காமல் அமுக்கினாள். இழை அறுந்து தக்ளி தரையில் விழுந்தது. அதைவிட மோசம், அவள் கை தானாகத் தண்ணீரைத் தேடிப் போனது.

"இது களிமண் இல்ல அண்ணி. தண்ணி பட்டா பஞ்சு கட்டிக்கும்."

"கை கேக்க மாட்டேங்குதுடி. சின்ன வயசுலேருந்து ஈரத்துலயே கெடந்த கை."

"கேக்க வையி. ஜெனபெச் அக்கா கண்ணு நேரா அங்கதான் போகும்."

ஜெனபெச் பக்கத்து வீட்டுக்காரி. யார் வீட்டில் என்ன நடந்தாலும் அவளுக்கு மூக்கில் வேர்த்துவிடும். அவள் தம்பிக்குத்தான் என்னைப் பேசி முடித்திருந்தார்கள்.

அந்த நாள் வந்தது. ஏழெட்டுப் பெண்கள் எங்கள் மூங்கில் வீட்டுக்குள் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்தார்கள். காப்பி இலைத் தண்ணீர் கொதித்தது. அண்ணி நூற்றாள், நன்றாகவே நூற்றாள். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

திடீரென்று இழை ஓரிடத்தில் மெலிந்து தக்ளி ஆடியது. அண்ணியின் விரல் பக்கத்திலிருந்த சுரைக்குடுவைத் தண்ணீரில் நனைந்து இழையைத் தடவியது. அவள் அதைக் கவனிக்கவே இல்லை.

"பஞ்சுக்குத் தண்ணி தொடுறது எந்த ஊரு வழக்கம்?" என்றாள் ஜெனபெச். "எனக்குத் தெரிஞ்சு பானை வனையறவங்கதான் தொடுவாங்க."

எல்லாருடைய தக்ளியும் நின்றுவிட்டது. அண்ணி வாயைத் திறந்தாள். அவள் உண்மையைச் சொல்லிவிடுவாள் என்று எனக்குத் தெரிந்தது.

"நான் சொல்லிக்குடுத்தது," என்றேன். "எங்கூடத்தானே மூணு மாசமா நூக்கிறா. நான் அப்படித்தான் நூப்பேன்."

"நீயா? செத்துப்போன உங்கம்மா அப்படி நூத்து நான் பாத்ததில்லையே."

"அம்மா இருந்தா அடிச்சிருக்கும். நானாப் பழகிட்டேன்."

"எங்க, நூத்துக் காட்டு."

விரலை நனைத்துக்கொண்டு தக்ளியை உருட்டினேன். பஞ்சு விரலில் ஒட்டித் திரண்டது. இழை மூன்று தரம் அறுந்தது. பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஜெனபெச் சிரிக்கவில்லை.

"இந்த நூல வச்சுக்கிட்டு என் தம்பி தறியில உக்காந்து அழணுமா? நாங்க வேற எடம் பாத்துக்கறோம்," என்று எழுந்து போய்விட்டாள்.

அந்தத் தம்பியை எனக்குப் பிடித்திருந்தது. அழுதால் ஏன் எதற்கு என்று கேள்வி வரும், அழுகையை விழுங்கிக்கொண்டேன்.

ஓரத்தில் உட்கார்ந்திருந்த அஸ்னகேச் அக்கா அண்ணியின் தோளைத் தட்டினாள். "பாவம், இவகிட்டயா போயிக் கத்துக்கிட்ட? நாளைலேருந்து எங்க வீட்டுக்கு வா. நம்மாளுங்க நூக்கிற மாதிரி நான் சொல்லித்தரேன்."

அண்ணி என் பக்கம் திரும்பவே இல்லை. விரலைத் துணியில் அழுத்தித் துடைத்தாள்.

"வரேங்க்கா," என்றாள்.