கூரைமேல் விழுந்த தொப்பிகள்

டேரில் ரான்டா பெரிய லீக்கில் முதன்முதலாக ஒரே ஆட்டத்தில் மூன்று கோல் போட்ட சாயங்காலம், அவனுக்காக ஜனங்கள் வீசிய தொப்பிகள் அத்தனையும் ஆயிரம் மைல் தாண்டி எங்கள் வீட்டுக் கூரைமேல் வந்து விழுந்தன. ஐஸ் ஹாக்கியில் ஒருவன் மூன்று கோல் போட்டால் தலையில் இருப்பதைக் கழற்றிப் பனித்தரையில் வீசுவது வழக்கம்தான். விழுந்த இடம்தான் சரியில்லை. டேரிலின் அம்மா இரண்டு தெரு தள்ளி இருந்தாள். அவள் கூரையில் பனி மட்டும் விழுந்தது. எங்கள் கூரையில் கம்பளிக் குல்லா, பீர் நாற்றமடிக்கும் விளிம்புத் தொப்பி, ஏதோ குழந்தையின் காதுமூடி. நான் அப்போது பிறக்கவில்லை. அம்மா மார்சி சொன்னதுதான். சாப்பாட்டு மேஜையிலிருந்து எழுந்துபோய்ப் பார்த்த அப்பா, திரும்பி வந்து "அவன்தான்" என்று மட்டும் சொன்னாராம். வானொலியில் செய்தி அதற்கப்புறம்தான் வந்தது.

அப்பா கர்ட் ஹர்யுவும் டேரிலும் கல்லியோ ஏரியில் ஒன்றாகச் சறுக்கப் பழகி, ஒரே கல்லூரிக்கு ஆடியவர்கள். கடைசி வருடம், நாட்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரனுக்குக் கொடுக்கும் வெள்ளி மட்டை விருதுக்கு இரண்டு பேர் பெயரும் அடிபட்டது. இறுதி ஆட்டத்தில் ஆளுக்கு இரண்டு கோல். தோற்றுக்கொண்டிருந்த எதிரணி, கோல்கீப்பரை வெளியே எடுத்துவிட்டு அவன் இடத்தில் தாக்க இன்னொரு ஆளை இறக்கியது. வலை காலி. ரப்பர் வட்டு அப்பாவின் மட்டையில். காலி வலை கிடைத்தால், பக்கத்தில் இரண்டு கோலோடு வருபவனுக்குத் தள்ளிவிட வேண்டும். எங்கள் ஊரில் இதைப் பால்பல் விழும் முன்பே சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். தனக்கும் இரண்டுதான் என்பது அப்பாவுக்கு அந்த நொடியில் ஞாபகம் வரவில்லை. தள்ளிவிட்டார். டேரில் போட்டான். விருது அவனுக்குப் போனது, பின்னாலேயே பெரிய லீக் ஒப்பந்தமும் போனது. அப்பா இரும்புச் சுரங்கத்தில் லாரி ஓட்டப் போனார்.

அப்புறம் வந்த வருடங்களில் தொப்பிகள் விழுவதை ஊர் பழகிக்கொண்டது. பக்கத்து வீட்டுக்காரர்கள் கார்களைத் தள்ளி நிறுத்தினார்கள், அவ்வளவுதான். அப்பா ஒவ்வொரு முறையும் ஏணி வைத்து ஏறி, எல்லாவற்றையும் அள்ளிக் கொட்டகையில் போட்டுப் பூட்டினார். ஒன்றைக்கூட எங்களைப் போட விடவில்லை, தானும் போடவில்லை; முதல் நாள் விழுந்த பச்சைக் குல்லாவை மட்டும் தனியாக ஓர் ஆணியில் மாட்டி வைத்திருந்தார். ஜனவரிக் குளிரில் வெறுந்தலையோடு சுரங்கத்துக்குப் போய் ஒரு காது நுனி கறுத்துப்போயிற்று. "காது போனாலும் போகும், அந்த வயித்தெரிச்சல் போகாது உங்க அப்பாவுக்கு" என்பாள் அம்மா.

லொரெய்னின் பேக்கரிச் சுவரில் வெள்ளி மட்டை வாங்கியவர்கள் படம் வரிசையாக மாட்டியிருக்கும். அப்பா காப்பியோடு அதன் கீழே நின்று விசாரிப்பார்.

"இந்தச் செவப்புத் தலைக்காரன் என்ன ஆனான் லொரெய்ன்?"

"மொத சீசன்லயே முட்டி போச்சு. படகு விக்கிறான்."

"இவன்?"

"இன்ஷூரன்ஸ்."

அன்றைக்கு அப்பா இரண்டாவது டோனட் வாங்குவார்.

"டேரில் எப்படி இருக்கான்னு மட்டும் கேக்கவே மாட்டேங்கிறியே கர்ட்?"

"எதுக்குக் கேக்கணும்? அதான் என் கூரையே சொல்லுதே."

சொல்லத்தான் செய்தது. முதல் சில வருடங்கள் பெரிய நகரத்துத் தொப்பிகள், நல்ல கம்பளி. பிறகு டேரிலைக் கீழ் லீக்குக்கு இறக்கிவிட்டார்கள். பஸ்ஸில் ஊர் ஊராகப் போய் ஆடினான். இப்போது விழுந்தவை டயர் கடைத் தொப்பிகள், மாட்டுத்தீவனக் கம்பெனித் தொப்பிகள். அப்பா கூரைமேல் நின்று கத்தினார்: "மார்சி, வெளிய வந்து பாரேன்! டயர் கடை!" அதற்குப் பிறகு கடல் தாண்டி எங்கேயோ போனான்; படிக்கத் தெரியாத எழுத்துப் போட்ட குல்லாக்கள் விழுந்தன, அதுவும் கைப்பிடி அளவு. பிறகு ஒரு குளிர்காலம் முழுக்க ஒன்றும் விழவில்லை. அப்பா சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவரோ ஏணி வைத்து ஏறி, சுத்தமான கூரையைப் பெருக்கிவிட்டு இறங்கினார்.

போன டிசம்பரில் டேரில் ஊருக்கே திரும்பி வந்தான். ஒரு முட்டி மடங்கவில்லை. ஏரிக்கரையில் சக்கரம் வைத்த ஒரு டிரெய்லர் வீட்டை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, விளையாட்டு அரங்கில் பனித்தரையை மெழுகும் வண்டி ஓட்டினான். செய்தி கேட்ட நாள் முதல் அப்பா கொட்டகையில் உட்கார்ந்து சறுக்குக் காலணியின் தகட்டைத் தீட்ட ஆரம்பித்தார். தீட்டியதையே தீட்டினார். படுக்கையில் கிடந்தபடி அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பேன். அந்தத் தகடு ஒரு மனிதனின் காலை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும், நானும் ஆடுகிறவள்தான்.

ஞாயிற்றுக்கிழமை ஏரியில் பெரியவர்கள் ஆட்டம். எல்லோருடைய மட்டைகளையும் நடுவில் குவித்து, ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு இடமும் வலமுமாக வீசுவார்; மட்டை விழுந்த பக்கம் உன் அணி. அப்பாவின் மட்டையும் டேரிலின் மட்டையும் ஒரே பக்கம் விழுந்தன. ஆளுக்கு இரண்டு கோல் ஆயிற்று. லொரெய்னின் புருஷன் எதிரணிக் கோல்கீப்பர். தெர்மோஸைத் திறக்கிறேன் என்று கரைக்குப் போயிருந்தார். வலை காலி. இந்த முறை வட்டு டேரிலிடம். அப்பா மட்டையை இடுப்புக்கு மேல் தூக்கிக்கொண்டு அவனை நோக்கி வேகமாக வந்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

அடி விழவில்லை. டேரிலின் குரல்தான் கேட்டது.

"டேய் கர்ட், உனக்கு எத்தன?"

"ரெண்டு."

"எனக்கும் ரெண்டுதான்."

"தெரியும்."

"அன்னிக்கும் தெரிஞ்சுதானே குடுத்த?"

"இல்லடா. மறந்து தொலைச்சிட்டேன்."

டேரில் நின்றேவிட்டான். "நாசமாப் போறவனே! தெரிஞ்சே விட்டுக்குடுத்தேன்னு இத்தன வருஷமா நெனச்சிட்டு இருந்தேன். ஒரு தொப்பியாவது என் காலடியில விழுந்திருக்கா? வீசுவானுங்க, மேலயே போயிடும். வெறுந்தலையோட நின்னு கை தட்டுவானுங்க. குனிஞ்சு பொறுக்க ஒண்ணு கெடச்சதில்ல. எல்லாம் உன் வீட்டுக்குப் போகுதுன்னு எங்கம்மா சொல்வா. உன் கூரைய நெனச்சு எனக்கு எவ்வளவு எரிஞ்சிருக்கும் தெரியுமா?"

அப்பாவின் மட்டை மெல்லக் கீழே இறங்கியது. அவர் முகத்தில் அப்படி ஒரு திருப்தியை நான் பார்த்ததே இல்லை. டேரில் வட்டைத் தள்ளிவிட்டான். அப்பா போட்டார். குளிர் கடுமையாக இருந்ததால் யாரும் தொப்பியைக் கழற்றவில்லை.

வீட்டுக்கு வந்தபோது கொட்டகைப் பூட்டு அப்படியே இருந்தது, உள்ளே ஒரு நூல்கூட இல்லை. லொரெய்ன் ஃபோன் செய்தாள்: அத்தனையும் டேரிலின் டிரெய்லர்மேல் கிடக்கிறதாம், கூரை நடுவில் குழிந்துவிட்டதாம். அப்பா காலிக் கொட்டகைக்குள் போய் அந்த வெறும் ஆணியைத் தொட்டுப் பார்த்தார். முகம் பழையபடி ஆயிற்று.

"அத்தனையுமா? அந்தப் பச்சைக் குல்லாவுமா?"

"ஏணியத் தூக்கிட்டுப் போ கர்ட்," என்றாள் அம்மா. "அவனுக்கு முட்டி மடங்காது."

அப்பா போனார். பச்சைக் குல்லாவைப் போட்டுக்கொண்டு திரும்பி வந்தார். கேட்டு வாங்கினாரா, கேட்காமல் எடுத்தாரா என்று நாங்கள் கேட்கவில்லை.

வரும் சனிக்கிழமை எனக்குப் பள்ளி இறுதி ஆட்டம். என் பக்கத்தில் ஆடுகிற டெஸ்ஸா என்னைவிட நன்றாக ஆடுவாள், அதைப் பார்த்தாலே எனக்கு எரியும். அம்மா ஏணியை உள்ளே எடுத்து வைக்கவில்லை.