நாலு மார்க் வலி

"பத்துன்னு சொன்னா ஏழுன்னு வெச்சுக்கோ," என்றாள் பிலோமினா சிஸ்டர். "ஏழுன்னா நாலு."

"அப்போ மூணுன்னு சொன்னா?" என்று கேட்டாள் லில்லிக்குட்டி.

"அவங்களுக்கு ஒண்ணுமே இல்லடீ. ஆஸ்பத்திரிக் கஞ்சியும் பயறும் பிடிச்சுப்போய், வீட்டுக்குப் போக மனசில்லாமப் படுத்திருக்காங்க!"

நோயாளியிடம் வலிக்கு மார்க் கேட்கும் வழக்கம் வார்டுக்குப் புதிதாக வந்திருந்த காலம் அது. பூஜ்யம் என்றால் வலியே இல்லை, பத்து என்றால் தாங்கவே முடியாது. லில்லிக்குட்டி அன்று சிரித்த சிரிப்பில் ஊசித் தட்டு கையிலிருந்து நழுவப் பார்த்தது. ஆனால் அது சிரிப்போடு முடிந்துவிடவில்லை. ஓய்வு பெறும்வரை, யார் எத்தனை மார்க் சொன்னாலும் மனதுக்குள் மூன்றைக் கழித்துவிட்டுத்தான் அடுத்த கட்டிலுக்குப் போனாள். போனில் கொஞ்சிப் பேசிக்கொண்டே பத்து என்று விரல் காட்டுகிறவர்களைப் பார்த்துப் பார்த்து அப்படி ஆகிவிட்டது. சிறந்த நர்ஸ் என்று பெயர் எடுத்தவள்தான். வலிக்கிறது என்று சொல்பவர்களிடம் மட்டும் அவளுக்குக் கொஞ்சம் இளக்காரம்.

பிறகு அவளுக்கே வலி வந்தது.

எத்தனையோ பேரைத் தூக்கிப் புரட்டிய முதுகு ஒருநாள் மடங்கியது. தண்டுவடத்தில் அறுவை சிகிச்சை நடந்தது. முதுகு தேறிவிட்டது, இடது கால் தேறவில்லை. காய்ச்சிய எண்ணெயை இடுப்பிலிருந்து கட்டைவிரல்வரை யாரோ நிறுத்தாமல் ஊற்றிக்கொண்டிருப்பதுபோல ஏழு வருடம். மாத்திரைகள் மயக்கத்தைத் தந்தன, தூக்கத்தைத் தரவில்லை. போர்வை பட்டால் எரிந்தது. எல்லாவற்றையும்விடக் கொடுமை கட்டில் அசைவது. அவள் கணவர் குரியச்சன், அரசு பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், நல்ல உடம்பு. அவர் ஒருமுறை புரண்டு படுத்தால் அவள் காலை யாரோ பிடித்து முறுக்குவதுபோல இருக்கும்.

ஒருநாள் காலை, புட்டும் கடலையும் பரிமாறிக்கொண்டே கணவரிடம் சொன்னாள்: "இச்சாயா, உங்க குறட்டை தாங்கலை. இனிமே ஹால்ல படுத்துக்கோங்க."

குரியச்சன் வாயில் போட்ட புட்டை மென்று விழுங்க மறந்தார். "இத்தனை வருஷம் கேக்காத குறட்டை இப்ப எங்கேருந்துடீ வந்துச்சு?"

"வயசாச்சுல்ல."

அவர் அன்று ராத்திரியே ஹாலுக்குப் போனார். ஆனால் விட்டுவிடவும் இல்லை. ஒருக்களித்துப் படுத்துப் பார்த்தார். மிளகுக் கஷாயம் குடித்தார். மூக்கில் ஒட்டும் பிளாஸ்டர் வாங்கி ஒட்டிக்கொண்டார். வாரம் ஒருமுறை, "இப்ப எப்படி இருக்கு? ஹாலிலேர்ந்து கேக்குதா?" என்பார். "கேக்குது," என்பாள் லில்லிக்குட்டி, வேறெங்கோ பார்த்துக்கொண்டு. அதே அறையில் இன்னொரு கட்டில் போட்டால் போதும் என்று அவளுக்குத் தெரியும். அதைக் கேட்க எத்தனையோ முறை வாய் திறந்திருக்கிறாள். ஆனால் ஏன் என்று அவர் கேட்பார். அப்போது வலிக்கிறது என்று சொல்ல வேண்டிவரும்.

அவள் காலை இழுத்து நடப்பதைப் பார்த்து, எர்ணாகுளத்தில் வலி சிகிச்சை டாக்டர் நஜ்மாவிடம் அவளை இழுத்துக்கொண்டு போனதும் குரியச்சன்தான். டாக்டருக்கு மகள் வயது. லில்லிக்குட்டி நர்ஸாக இருந்தவள் என்று தெரிந்ததும் நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டாள்.

"முதுகுத்தண்டு பக்கத்துல மெல்லிசா ஒயர் வெச்சு, லேசா மின்சாரம் கொடுப்போம் சிஸ்டரே. கால்லேருந்து மூளைக்குப் போற வலிச் சேதியை அது வழியிலேயே மங்க வெச்சுடும்."

"புரிஞ்சுபோச்சு," என்றார் குரியச்சன். "பஸ்ல பின் சீட்டுல ஒருத்தன் சண்டை போட்டுக்கிட்டே வருவான். இறக்கிவிடவும் முடியாது. டிரைவர் பாட்டைச் சத்தமா வெச்சுடுவான்."

"அதேதான் அங்கிளே. சண்டைக்காரன் பஸ்லதான் இருப்பான். சத்தம்தான் கேக்காது." டாக்டர் லில்லிக்குட்டி பக்கம் திரும்பினாள். "முதல்ல ஒரு வாரம் சோதனை. ஒயர் உள்ளே, பேட்டரி வெளியே. வலி பாதியாவது குறைஞ்சா, பேட்டரியை இடுப்புத் தோலுக்கடியில நிரந்தரமா வைக்கலாம். குறையலைன்னா எடுத்துடுவேன். அதை முடிவு பண்றது நீங்க சொல்ற மார்க்தான். சொல்லுங்க, இப்ப எத்தனை?"

ஒன்பது. அது லில்லிக்குட்டியின் நாக்கு நுனிவரை வந்தது. எதிரே இருப்பது டாக்டர், பக்கத்தில் இருப்பது கணவர். ஒன்பது என்று அலறுகிற கிழவியாக இருக்க அவளால் முடியவில்லை. பழக்கப்படி மூன்றைக் கழித்தாள். ஆறுகூட அதிகமாகத் தோன்றியது.

"நாலு."

"நாலுக்கா இவ்வளவு தூரம் வந்தீங்க?"

"மாத்திரை ஒத்துக்கலை."

ஸ்கேனும் அவள் நடந்து வந்த விதமும் வேறு ஏதோ சொன்னதால், நஜ்மா மேலே கேட்காமல் சோதனைக்கு நாள் குறித்தாள்.

ஒயர் வைத்து வீட்டுக்கு வந்த அன்றே காலுக்குள் சோடா பொங்குவதுபோல ஒரு குறுகுறுப்பு. அந்தக் குறுகுறுப்புக்கு அடியில் எங்கோ எண்ணெய் இருந்தது, ஆனால் ஆறிப்போன எண்ணெய். குனியக் கூடாது, கையைத் தூக்கக் கூடாது, குளிக்கக் கூடாது. அளவைக் கூட்டிக் குறைக்க ஒரு சின்ன ரிமோட்.

"முப்பத்தஞ்சு வருஷமா நான் தேடிக்கிட்டிருந்தது இதைத்தான்," என்று குரியச்சன் அதைக் கையில் வாங்கிப் பார்த்தார். "சத்தத்தைக் குறைக்கிற பட்டன் எது?"

"கொடுங்க இங்கே. உங்களுக்குத்தான் ஒண்ணு பொருத்தணும்."

அந்த வாரம் வீடே மாறிப்போயிற்று. லில்லிக்குட்டி கால்மேல் போர்வை போட்டுத் தூங்கினாள். சந்தைக்குக் கூடவே போய், மத்தி மீன் நேற்றையது என்று மீன்காரியிடம் நின்று சண்டை போட்டாள். குரியச்சன் பையைப் பிடித்துக்கொண்டு, ஏதோ கச்சேரி கேட்பவர்போல அந்தச் சண்டையை ரசித்தார்.

வியாழக்கிழமை மத்தியானம் முதுகுப் பிளாஸ்டர் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வந்தவர், கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டே சாய்ந்து தூங்கிவிட்டார். கொஞ்ச நேரத்தில் புரண்டார். லில்லிக்குட்டி பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். கால் சும்மா இருந்தது. மறுபடி புரண்டார். அப்போதும் சும்மா இருந்தது. அவள் அசையாமல் படுத்து அவர் குறட்டையைக் கேட்டுக்கொண்டிருந்தாள். சின்னக் குறட்டைதான், பூனை உறுமுவதுபோல.

திடுக்கிட்டு எழுந்தார் குரியச்சன். "ஐயோ, தூங்கிட்டேனா? குறட்டை விட்டேனாடீ?"

"விட்டீங்க," என்றாள். இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவர் தலையணையைத் தட்டிச் சரிசெய்துவிட்டு, குற்றவாளிபோல ஹாலுக்குப் போய்விட்டிருந்தார்.

வாரம் முடிந்து மறுபடி எர்ணாகுளம். ஒவ்வொரு பள்ளத்துக்கும் காரைத் தாலாட்டி ஓட்டினார் குரியச்சன்.

"இந்த வாரம் வலிக்கு என்ன மார்க் சிஸ்டரே?"

லில்லிக்குட்டி யோசித்தாள். கொஞ்சம் எரிச்சல் இருக்கத்தான் செய்தது. மறைக்க வேண்டிய அளவுக்கு இல்லாததால், உள்ளதை உள்ளபடி சொன்னாள்.

"மூணு."

நஜ்மாவின் முகம் வாடியது. "முன்னாடி நாலு. இப்ப மூணு. பாதி குறையலையே."

லில்லிக்குட்டிக்குச் சுரீரென்றது. அந்த நாலு தன்னைத் திரும்பி வந்து பிடிக்கும் என்று அவள் நினைக்கவே இல்லை.

"என்ன டாக்டரே சொல்றீங்க?" என்று எழுந்தார் குரியச்சன். "மீன்காரிகிட்ட இவ நின்னு போட்ட சண்டையை நீங்க பார்க்கலை!"

"சண்டை போட வலி ஒரு தடையா, அங்கிளே? புது மெஷின் வந்த உற்சாகத்துல சிலருக்கு ஒரு வாரம் தெம்பா இருக்கும். அதை நம்பி நான் கத்தி எடுக்க முடியாது. ஒரு மார்க் வித்தியாசத்துக்கு ஆபரேஷன் வேண்டாம். ஒயரை எடுத்துடறேன்."

டாக்டர் மின்சாரத்தை நிறுத்திவிட்டுக் கை கழுவப் போனாள். குறுகுறுப்பு நின்றது. கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்த லில்லிக்குட்டிக்குக் கால் முதலில் வெறுமையாக இருந்தது. பிறகு இடுப்பில் சூடு கிளம்பியது. தொடை, முழங்கால் என்று எண்ணெய் தன் பழைய வழியைத் தேடி இறங்கியது.

குரியச்சன் அவள் தோளைத் தட்டினார். "விடுடீ. நாலு மார்க்தானே? எண்ணெய்க் கிழி வெச்சு ஒத்தடம் கொடுத்துப் பார்ப்போம்."

"நாலு இல்ல," என்றாள் லில்லிக்குட்டி.

"என்ன?"

"நாலு இல்ல இச்சாயா. ஒன்பது."

நஜ்மா ஈரக் கையோடு திரும்பி வந்தாள். குரலில் கோபம் இல்லை, களைப்பு இருந்தது. "சிஸ்டரே, முடியாதுன்னு சொன்னதும் மார்க்கை ஏத்தறவங்களை நீங்களும் பார்த்திருப்பீங்க. நான் எதை நம்பட்டும்?"

நியாயமான கேள்வி. டாக்டர் இடத்தில் இருந்திருந்தால் லில்லிக்குட்டியும் ஒன்பதிலிருந்து மூன்றைக் கழித்திருப்பாள்.

"மார்க்கே வேண்டாம்," என்றாள் நஜ்மா, நாற்காலியை மறுபடி இழுத்துப் போட்டு. "முன்னாடி உங்களால முடியாம இருந்து, இந்த வாரம் முடிஞ்சது ஏதாவது சொல்லுங்க. சந்தை, சண்டை தவிர."

சொல்ல ஒன்று இருந்தது. ஆனால் அதைக் கேட்கக் கூடாதவர் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். எண்ணெய் கணுக்காலைத் தாண்டியது. லில்லிக்குட்டி டாக்டரைப் பார்த்துக்கொண்டு, யாரோ ஒரு நோயாளியைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னாள்.

"ஏழு வருஷமா இவரை ஹால்ல படுக்க வெச்சிருக்கேன், டாக்டர். குறட்டைன்னு சொன்னேன். குறட்டை ஒரு விஷயமே இல்ல. இவர் புரண்டா கட்டில் அசையும். அசைஞ்சா என் காலை முறுக்கிப் பிழியற மாதிரி இருக்கும். வியாழக்கிழமை மத்தியானம் இவர் என் பக்கத்துல தூங்கினார். நல்லாப் புரண்டார். எனக்கு ஒண்ணும் ஆகலை. அவ்வளவு நேரமும் முழிச்சுப் படுத்து இவர் குறட்டையைக் கேட்டேன்."

குரியச்சனின் கை தானாக மூக்கைத் தொட்டது.

"எடீ," என்றார் குரியச்சன். "ஏழு வருஷமா மூக்குல பிளாஸ்டர் ஒட்டிக்கிட்டுப் படுத்திருக்கேன்!"

"நானா ஒட்டச் சொன்னேன்?"

"மூச்சு முட்டிச் செத்திருந்தா?"

நஜ்மா உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். ஆனால் குரியச்சனின் குரல் உடைந்திருந்தது. "ஒன்பதை வெச்சுக்கிட்டா தினமும் எனக்கு முன்னாடி எழுந்து காப்பி போட்டே? என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா என்னடீ?"

லில்லிக்குட்டி முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். மேல் உதட்டில் வேர்வை பூத்திருந்தது. நஜ்மா அதைக் கவனித்தாள்.

"இப்ப எவ்வளவு?"

"எட்டு."

"கழிச்சா, கழிக்காமலா?"

லில்லிக்குட்டி திடுக்கிட்டு நிமிர்ந்தாள்.

"எங்க வார்டுலயும் நர்ஸுங்க இருக்காங்க, சிஸ்டரே. அவங்க கணக்கு எனக்குத் தெரியாதா?"

"கழிக்காம," என்றாள் லில்லிக்குட்டி. சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"சரி. நிரந்தரமானதை வெச்சுடலாம்." நஜ்மா அவள் கையைப் பிடித்தாள். "முழுசாப் போகும்னு சொல்ல மாட்டேன். ஆனா அந்த வியாழக்கிழமை மத்தியானம் மாதிரி நிறைய நாள் கிடைக்கும். இந்த ஒயரை இன்னிக்கு எடுத்துத்தான் ஆகணும், முதுகு ஆறணும். அடுத்த மாசம் ஆபரேஷன். அதுவரைக்கும் பழைய வலி இருக்கும், பல்லைக் கடிச்சுக்கிட்டு இருக்கக் கூடாது. ராத்திரி துணைக்கு யாரு?"

"நான் இருக்கேனே," என்றார் குரியச்சன் அவசரமாக. "ஹால்லதான் படுத்திருப்பேன். கூப்பிட்டா ஓடி வந்துடுவேன். இனிமே கதவைத் திறந்தே வெச்சுக்கலாம்."

லில்லிக்குட்டி அவர் சட்டைக் கையைப் பிடித்தாள்.

"ஹால் வேண்டாம் இச்சாயா. நம்ம அறையிலேயே இன்னொரு கட்டில் போடுங்க. வலிக்குதுன்னு நான் சொன்னா, பக்கத்துல கேக்க நீங்க இருக்கணும்."