மார்வின் தெருவின் புகார்க்காரி

மார்வின் தெருவில் எது உடைந்தாலும் ஆட்கள் முதலில் வந்து நிற்பது எர்லீன் ஸ்டோக்ஸின் வாசலில்தான். நகராட்சிக்குப் போன் போட்டால் அரை மணி நேரம் பாட்டுக் கேட்டுக்கொண்டு காத்திருக்க வேண்டும். அந்தப் பொறுமை அந்தத் தெருவிலேயே அவள் ஒருத்திக்குத்தான் இருந்தது. அவள் பள்ளிப் பேருந்து ஓட்டுபவள். காலைச் சவாரி முடிந்து வந்ததும் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத் துணி மடிக்க உட்காருவாள். தெருவிளக்கு எரியவில்லை, பட்ட மரம் சாய்கிறது, பக்கத்துப் பாழ் வீட்டில் எலி. பதினொரு வருடமாக இதே கதை.

முதல் புகார் எதிர்வீட்டு கிளியோட்டிஸ் போஹானனுக்காகச் சொன்னது. பீர் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பெயர்ந்து கிடந்த நடைபாதையில் தடுக்கி விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டார். அதற்கப்புறம் கைத்தடிதான். புகார் சொல்லும் வித்தையைக் கற்றுக்கொடுத்த புண்ணியவானும் அவரேதான்.

"உள்ளத உள்ளபடி சொன்னா எவன் வருவான்? நாலு எலின்னா நாப்பதுன்னு சொல்லு. அதுவும் பூனை சைஸ்ல இருக்குன்னு சொல்லு."

"பொய் சொல்லச் சொல்றீங்களா, மிஸ்டர் போஹானன்? ஞாயித்துக்கிழமை நான் சர்ச்சுல பாடணும்."

"தாராளமா பாடு. எலியைத் திங்கக்கிழமை கூட்டிக்கோ."

எர்லீன் கூட்டிச் சொன்னாள். அப்படியும் ஒரு ஆள் எட்டிப் பார்க்கவில்லை.

பிறகு ஒரு காப்பீட்டுக் கம்பெனிக்கு அந்த ஊர்மேல் திடீரென்று பாசம் பொங்கியது. மார்வின் தெருவையும் அதைச் சுற்றிய ஐந்து தெருக்களையும் சேர்த்துத் தலைமை அலுவலகம் கட்டப் போகிறார்களாம். இருபத்தைந்து வருடம் சொத்துவரி கட்ட மாட்டார்களாம். பள்ளிக்கூடங்கள் ஓடுவதே அந்த வரியில்தான். ஊரில் தகரக் கூரை போட்டவன்கூட வரி கட்டுகிறான், கண்ணாடி மாளிகை கட்டுகிறவனுக்கு விலக்கு. ஆனால் சட்டத்தில் ஒரு நிபந்தனை இருந்தது. அது சீரழிந்த பகுதி என்று நகர்மன்றம் அறிவித்தால்தான் விலக்கு கிடைக்கும். அறிவித்துவிட்டால் விற்க மறுப்பவர்களின் வீட்டையும் விலை வைத்து எடுத்துக்கொள்ளலாம்.

எர்லீனுக்கு இந்த உலகத்தில் சொந்தம் என்று இருந்தது, இருபது வருடம் பேருந்து ஓட்டி வாங்கிய அந்தச் செங்கல் வீடு ஒன்றுதான். அவள் சும்மா இருப்பாளா? வீட்டுக்கு வீடு முற்றத்தில் "நாங்கள் சீரழியவில்லை" என்று பலகை நட்டாள். வெள்ளிக்கிழமைதோறும் சர்ச்சின் கீழ்த்தளத்தில் மீன் பொரித்து விற்று அந்தப் பலகைகளை அச்சடித்தார்கள். வார்டு கவுன்சிலர் ட்ரமெய்ன் காட்ஸ்டன் வந்து இரண்டு தட்டு கெளுத்தி மீன் சாப்பிட்டார்.

"நான் உங்க பக்கம்தான், மிஸ் எர்லீன். கவலைய விடுங்க."

அந்த ஊர் நகர்மன்றத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு வார்டு சம்பந்தப்பட்ட விஷயத்தில் அந்த வார்டுக்காரர் எப்படி ஓட்டுப் போடுகிறாரோ, மற்றவர்களும் அப்படியே போடுவார்கள். காட்ஸ்டன் ஒருவர் தலையாட்ட மறுத்தால் போதும், வீடு தப்பிவிடும். எர்லீன் நிம்மதியாகத் தூங்கினாள்.

தெரு சீரழிந்ததா என்று முடிவெடுக்கும் விசாரணை நாளில் மன்றத்தில் உட்கார இடமில்லை. பேச விரும்புகிறவர் வாசலில் சீட்டு எழுதிக் கொடுக்க வேண்டும். ஆளுக்கு இரண்டு நிமிடம். முதலில் கம்பெனியின் வக்கீல் எழுந்தார். விட்னி என்ற ஒல்லியான பெண். ஒரு தடித்த புத்தகத்தைப் பிரித்தார்.

"'பக்கத்து வீட்டுக் கூரை எப்ப வேணா என் தலையில விழும். பூனை சைஸ்ல நாப்பது எலி. இந்தத் தெருவுல மனுஷன் குடியிருக்க முடியாது.' இது நாங்க சொன்னதில்லீங்க. அங்க குடியிருக்கறவங்களே நகராட்சிக்குச் சொன்னது. முந்நூறு புகாருக்கு மேல இருக்கு. முக்கால்வாசி ஒரே போன் நம்பர்லேர்ந்து வந்திருக்கு."

எர்லீனுக்குக் காது மடல் சுட்டது. தன் குரலே அந்தப் பெண்ணின் வாயிலிருந்து வருவதுபோல் இருந்தது. பக்கத்தில் போஹானன் தடியின் பிடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் முறை வந்தது. 'எங்க தெரு நல்ல தெரு' என்று தொடங்கும் தாள் கையில் இருந்தது. அதை நாலாக மடித்துக்கொண்டாள்.

"அந்த நம்பர் என்னோடதுதான். ரிப்பேர் பண்ணச் சொல்லித்தான் கேட்டேன். இடிக்கச் சொல்லிக் கேக்கல. நீங்க ஒரு தடவை வந்திருந்தா அந்தப் புத்தகமே இருந்திருக்காது."

சர்ச்சுக்காரர்கள் கை தட்டினார்கள். காட்ஸ்டன் மைக்கை இழுத்துக்கொண்டார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"ஒண்ணே ஒண்ணு, மிஸ் எர்லீன். அதுல நீங்க சொன்னதெல்லாம் உண்மைதானே?"

உண்மை என்றால் தெரு சீரழிந்தது. பொய் என்றால் அவள் பொய்க்காரி. மீன் தின்ற வாய் இப்படிக் கேட்கும் என்று அவள் நினைத்தே பார்க்கவில்லை.

"கொஞ்சம்... கூட்டிச் சொன்னேன். இல்லேன்னா யாரும் வர மாட்டாங்க."

யாரோ சிரித்தார்கள்.

"அப்ப இன்னிக்குச் சொல்றதுலயும் கொஞ்சம் கூட்டல் இருக்குமோ?" என்றார் காட்ஸ்டன், மிகவும் மரியாதையாக.

இரண்டு நிமிடம் முடிந்ததென்று மணி அடித்தது. போஹானன் தடியை ஊன்றி எழுந்தார்.

"கூட்டிச் சொல்லச் சொன்னவன் நான்! என்னைக் கேளுங்கய்யா!"

"சீட்டு குடுத்திருக்கீங்களா, சார்?" என்றார் காட்ஸ்டன்.

"சீட்டா?"

"சீட்டு குடுக்காதவங்க பேசக்கூடாது. உக்காருங்க."

அவர் உட்கார்ந்தார். கனத்த மனதோடு ஆமாம் சொல்வதாகக் காட்ஸ்டன் அறிவித்தார். வழக்கம் மாறாமல் ஒவ்வொருவரும் ஆமாம் என்றார்கள். எவ்வளவு சீக்கிரம் முடிந்துவிட்டது என்பதுதான் எர்லீனை உலுக்கியது. புகார் சொல்லக் காத்திருந்த நேரம்கூட ஆகவில்லை.

மூன்றாம் வாரம், காலைச் சவாரி முடிந்து போஹானனின் படிக்கட்டில் அவள் உட்கார்ந்திருந்தபோது போன் துடிக்கத் தொடங்கியது. யாரோ செத்துப்போய்விட்டார்கள் என்று பயந்து எடுத்தாள். நகராட்சியிலிருந்து செய்திகள். 'தெருவிளக்கு: தீர்க்கப்பட்டது.' 'பட்ட மரம்: தீர்க்கப்பட்டது.' 'எலி: தீர்க்கப்பட்டது.' சீரழிந்ததாக அறிவிக்கப்பட்ட பகுதியின் புகார்களை எல்லாம் கணினி ஒரே மூச்சில் முடித்துவைத்துக்கொண்டிருந்தது. தலைக்கு மேலே அந்தப் பட்ட மரம் சாய்ந்தபடியே நின்றது.

"என்ன எர்லீன் அது, விடாம அடிக்குது?"

கடைசியாக வந்ததை, யோசிக்காமல் வாசித்துவிட்டாள். "'போஹானன் வீட்டு முன் நடைபாதை: தீர்க்கப்பட்டது.'"

அவர் முகம் மலர்ந்ததை அவளால் பார்க்க முடியவில்லை. தடுக்கும் முன்பே தடியை எடுத்துக்கொண்டு படி படியாக இறங்கிப் போனார். பெயர்ந்த பலகைக் கல்லருகே குனிந்து, விரிசலுக்குள் தடி முனையை விட்டுக் குத்திப் பார்த்தார்.

"எங்கடி சரி பண்ணியிருக்கான்?"

"பாத்து நில்லுங்க, மிஸ்டர் போஹானன். இனிமே விழுந்தா புகார் சொல்றதுக்கு ஆள் கிடையாது."

அவர் நகரவில்லை. எர்லீன் போனை அணைத்துவிட்டு, அவர் கையைப் பிடித்து மேலே கூட்டிவர இறங்கிப் போனாள்.