கதவு தட்டியவளுக்கு ஒரு ஸ்டிக்கர்

ரொலாண்டா மாப் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் தபால் அலுவலக ஊழியர். பகலெல்லாம் கடிதங்களை ஊர்வாரியாகப் பிரித்த கை, வீட்டுக்கு வந்ததும் படம் வரையும். அவள் பேட்டையில் கறுப்பின மக்கள் கூடி நின்று சாதித்தது கொஞ்சமா? பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசமாகக் காலைச் சாப்பாடு போட்டவர்கள், வாக்காளர் பதிவுக்கு ஆள் ஏற்றிப்போன பழைய கார், வாடகை தர மறுத்த பெண்கள். எல்லாவற்றையும் உள்ளங்கை அளவு ஸ்டிக்கர்களாக அச்சடித்து, ஆகஸ்ட் தெருவிழாவில் மடக்கு மேசை போட்டு உட்கார்ந்தாள். வந்தவர்கள் தண்ணீர் பாட்டில், சக்கர நாற்காலியின் முதுகு என்று கண்ட இடத்திலெல்லாம் ஒட்டிக்கொண்டு போனார்கள்.

மத்தியானம் ஊதாத் தொப்பி வைத்த ஓர் அம்மாள் வந்து, வாடகைப் போராட்ட ஸ்டிக்கரைக் கண்ணருகே கொண்டுபோனார்.

"யாரும்மா இது, ஒலிபெருக்கியப் புடிச்சுக்கிட்டு?"

"எர்லீன் காடிஸ். எழுபத்தொம்பதுல எங்க கட்டடத்துல நடந்த போராட்டத்தோட தலைவி. பழைய பேப்பர்ல வந்த படத்தைப் பாத்து வரைஞ்சேன்."

"அந்த எர்லீன் நான்தான்."

ரொலாண்டா அவசரமாக அந்த ஸ்டிக்கரைத் திரும்ப வாங்கப் பார்த்தாள்.

"பயப்படாத கண்ணு. அழகாத்தான் வரைஞ்சிருக்க. ஆனா அந்த ஒலிபெருக்கியில பேட்டரியே இல்ல. போட்டோக்காரன் புடிங்கன்னான், புடிச்சேன். அறுபத்திரண்டு கதவையும் தட்டி ஆள் சேத்தவ வில்ஹெல்மினா. அவளை ஒருத்தனும் படம் எடுக்கல. அதோ, பொரிச்ச மீன் தின்னுக்கிட்டு இருக்கா பாரு."

ரொலாண்டா திரும்பிப் பார்த்தாள். அவள் கட்டடத்திலேயே நாலாவது மாடியில் இருக்கும் வில்ஹெல்மினா ஸ்டோக்ஸ்! இத்தனை வருடமும் காலை வணக்கத்தோடு சரி. எழுந்து போய்த் தயங்கி நின்றாள்.

"மிஸ் வில்ஹெல்மினா, உங்களை ஒரு ஸ்டிக்கரா வரையட்டுமா?"

"எதுக்கு? பிரிட்ஜ்ல ஒட்டி வைக்கவா? மூணு மாசமா லிப்ட் ஓடல. இந்த மீனைத் தின்னுட்டு நாலு மாடி ஏறணும் நான். முடிஞ்சா அதுக்கு ஒரு ஸ்டிக்கர் போடு, பாப்போம்!"

அவர் கேலியாகத்தான் சொன்னார். ரொலாண்டாவுக்குச் சுருக்கென்றது. அவள் இருப்பது தரைத்தளத்தில். லிப்ட் பழுது தெரியும், ஒருநாளும் உறைத்ததில்லை.

அந்த வாரமே வரைந்தாள். கதவைத் தட்டும் ஒரு பெண். கீழே, "லிப்ட் பற்றிப் பேச வாருங்கள். செவ்வாய் மாலை ஆறரை, சலவை அறை." வில்ஹெல்மினா அதை ரொம்ப நேரம் பார்த்தார்.

"ஒட்டிட்டுப் போனா எவனும் வரமாட்டான். தட்டணும். தட்டிட்டு அவன் புலம்புறதை நின்னு கேக்கணும். மேல ரெண்டு மாடிய நான் தட்டுறேன்."

எப்போதோ வீடு மாறிப்போன எர்லீனும் இரண்டு பஸ் மாறி வந்துவிட்டார். இரண்டாவது மாடியில் பெட்வே என்பவர், "ஒண்ணும் நடக்காது, போங்க" என்று கதவைச் சாத்தினார். எர்லீன் நகரவில்லை. சாத்திய கதவுக்கு வெளியே நின்று, அவர் மனைவியின் முட்டிவலியை விசாரித்துப் பேசத் தொடங்கினார். கால் மணி நேரத்தில் பெட்வேயே கதவைத் திறந்து காப்பி கொடுத்தார்.

செவ்வாயன்று நாற்பத்து மூன்று பேர். நாற்காலி போதாமல் துணி துவைக்கும் இயந்திரங்களின் மேலெல்லாம் ஏறி உட்கார்ந்தார்கள். லிப்டைச் சரிசெய்யும்வரை வாடகையை உங்கள் கையில் தராமல், சட்டப்படி நீதிமன்றத்தில் கட்டிவைப்போம் என்று கட்டட முதலாளிக்கு எழுதி அத்தனை பேரும் கையெழுத்துப் போட்டார்கள். பன்னிரண்டாம் நாள் மெக்கானிக்குகள் வந்து இறங்கினார்கள்.

லிப்ட் ஓடிய அன்று ஆறு பேர் ஏறுகிற இடத்தில் ஒன்பது பேர் நெருக்கியடித்து நின்றார்கள். அது நகர மறுத்துக் கூவியது.

"எறங்குடி எர்லீன், நீ இங்க குடியே இல்ல!"

"ரெண்டாவது மாடி முழுக்க நான் தட்டினது. நீ எறங்கு!"

ரொலாண்டாவும் இன்னும் இருவரும் சிரித்துக்கொண்டே வெளியே வந்தார்கள். கதவு மூடிக்கொண்டது. ரொலாண்டா படிகளில் ஓடினாள். மூச்சு வாங்க நாலாவது மாடியை எட்டியபோது, லிப்டுக்குள்ளிருந்து எர்லீனும் வில்ஹெல்மினாவும் போடும் சண்டை மேலே வந்துகொண்டிருந்தது.