பேமிலிக்கு மட்டும் ஒரு வீடு

நீங்கள் குடியிருக்கும் வீட்டையே யாராவது உங்களுக்குச் சுற்றிக்காட்டியிருக்கிறார்களா? எனக்குக் காட்டியிருக்கிறார்கள். ஏற்பாடு செய்தவர்களில் நானும் ஒருவன்.

ஒரகடத்தில் கம்பெனி ஷிப்ட் போக மிச்ச நேரத்தில் வீட்டு புரோக்கர் வேலையும் பார்க்க ஆரம்பித்திருந்தேன். முதல் பார்ட்டி, என்னோடு தங்கியிருந்த சக்திகுமார். இருவருக்கும் கோவில்பட்டிப் பக்கம். வடக்குப்பட்டில் சுந்தராம்பாள் அக்கா வீட்டுப் பின்கட்டில் ஓர் அறை. இந்த ஊரில் நான் பேசுவதற்கென்று இருந்தது அவன் ஒருவன்தான். போன மாதம் அவனுக்குக் கல்யாணம் ஆனது. மனைவி முத்துச்செல்வியை அழைத்துவர வீடு வேண்டும். பக்கத்திலேயே பிடித்துவிட்டால் சாயங்காலம் போய்ப் பேசிவிட்டு வரலாம் என்று நினைத்தேன்.

சுங்குவார்சத்திரம் புரோக்கர் மோகன் அண்ணனுக்கு போன் போட்டேன்.

"பார்ட்டி யாருபா?"

"டீசன்ட்டான பேமிலிண்ணே."

பெயரைச் சொல்லவில்லை. சொன்னால் நம்மைத் தாண்டி பார்ட்டியிடமே நேராகப் போய்விடுவார்கள், நம் கமிஷன் போய்விடும். தொழிலில் எல்லோரும் அப்படித்தான்.

"பேமிலிக்குன்னே நம்மகிட்ட ஒரு வூடு கீது."

"எந்த ஏரியாண்ணே?"

"அத்த நேர்ல பாத்துக்கலாம்."

அவரிடம் வீடு இல்லை. வடக்குப்பட்டு புரோக்கர் தசரதனைக் கேட்டார். வீடு இருக்கிறது என்றார் தசரதன், எங்கே என்று சொல்லவில்லை. மற்றபடி மூன்று பேரும் நாள் முழுக்க போனில் பேசிக்கொண்டுதான் இருந்தோம்.

ஞாயிற்றுக்கிழமை டீக்கடையில் சேர்ந்து கிளம்பினோம். முன்னால் தசரதன் பைக், அடுத்து மோகன் அண்ணன், கடைசியில் நாங்கள். வழி பிடிபடாமல் இருக்க தசரதன் ஏரிக்கரையெல்லாம் சுற்றினார்.

"ஏலே, இது நம்ம தெருல்லா?" என்றான் சக்தி பின்னாலிருந்து.

"குறுக்கு வழியா இருக்கும், பேசாம வா."

தெரு நாய் அவர்கள் இருவரையும் பார்த்துக் குரைத்தது. எங்களைப் பார்த்து வாலாட்டியது. சுந்தராம்பாள் அக்கா வீட்டு கேட் முன்னால் பைக்குகள் நின்றன.

"பின்னாடி போர்ஷன். தண்ணிப் பிரச்சனையே கெடையாது," என்றார் தசரதன். "இப்ப ரெண்டு பேச்சிலர் பசங்க கீறானுங்க. காலி பண்ணிடுவானுங்க."

"காலையில தண்ணி வராதே," என்றேன்.

"உனக்கு இன்னாபா தெரியும்?"

சாவியை எடுத்துக் கதவைத் திறந்துவிட்டேன். தசரதன் சாவியைப் பார்த்தார். பிறகு மோகன் அண்ணனைப் பார்த்தார்.

அக்கா வெளியே வந்தார். "நல்லவேள வந்தீங்க. பேமிலி ஒன்னு வருது, நீங்க காலி பண்ணணும்டா."

"வந்தாச்சுக்கா. இவன்தான் பேமிலி."

"கல்யாணம் ஆய்டுச்சா? சொல்லவேயில்ல பாரு! அப்ப நீ இருடா." என் பக்கம் திரும்பினார். "நீ?"

"நான் பேமிலி இல்லக்கா."

"நீயும் இங்கனயே இருல," என்றான் சக்தி.

"ஒத்த ரூம்ல எங்கல இருக்க?"

அவன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனான்.

"உட்றா, மொத டீலு முடிச்சிட்ட," என்று மோகன் அண்ணன் தோளில் தட்டினார்.

"வெளிய உடாம வெச்சிருந்ததாலதான் முடிஞ்சுது," என்றார் தசரதன். "பேர சொல்லியிருந்தா அந்தம்மாவும் இவனும் நேராவே பேசியிருப்பாங்க."

மறுநாள் காலை என் பெட்டியையும் பாயையும் மோகன் அண்ணன் பைக்கில் ஏற்றிக்கொண்டு ஒரு ஹாஸ்டலுக்குப் போனேன். அவர் பிடித்துக்கொடுத்த இடம்தான். எங்கே இருக்கிறது என்று இறங்கும்வரை சொல்லவில்லை.