றோல்ஸ் பொரித்தது யார்?

இன்சூரன்ஸ் கொம்பனியின் மறுமொழியைக் கேட்ட நேரம் தொட்டு குருசுமுத்துவின் சந்தேகம் கோயிலில் பழகும் அந்தோனிதாசனை விட்டு அசையவில்லை.

மூத்த மகள் அஜந்தினிக்கு எம்.எஸ். நோய். உடம்பே தன் நரம்புகளை அரித்துத் தின்னும் வியாதி. காலையில் ஒரு குறையும் தெரியாது. மத்தியானம் திரும்பினால் வலது கால் இழுபடும், கையில் எடுத்தது நழுவும். எஸ்பியர்க் நகரில் டேனிஷ் முதியோர் இல்லமொன்றில் ஆட்களைத் தூக்கி இருத்துவது அவள் வேலை. இனி அது ஏலாது என்று வைத்தியர் சொல்லிவிட்டார். உழைக்க முடியாமல் போனவர்களுக்கு வேலையோடு சேர்ந்த பென்ஷன் இன்சூரன்ஸ் மாதாமாதம் பணம் தரவேண்டும். தராவிட்டால், நடுங்கும் கைகளோடு அவள் திரும்பப் போய் யாரையாவது தூக்கவேண்டும்.

தரமுடியாது என்றது கொம்பனி.

"ஏனாம்?" என்றார் குருசுமுத்து.

"வாற ஆக்களுக்கெல்லாம் நான் சமைச்சுப் போடுறனாம் அப்பா. அப்பிடித் தகவல் கிடைச்சிருக்காம்."

"ஆர் சொன்னதாம்?"

"கேக்கேல்லை. களைச்சுப் போனன்." அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

குருசுமுத்து யன்னல் சீலையை இழுத்து மூடினார். எதிரே ஒரு சாம்பல் கார் இரண்டு நாளாக நிற்கிறது. அதுவும் கொம்பனியின் வேலையாக இருக்கலாம். ஆனால் காரில் இருப்பவனுக்கு இந்த வீட்டுச் சமையல் எப்படித் தெரியும்? சொன்னவன் நம்முடைய ஆள். பிள்ளைக்கு முதுகு நோ என்றுதான் ஊருக்கெல்லாம் சொல்லி வைத்திருந்தார். இளையவள் நிறோஷினிக்கு ஒடென்சே நகரில் சம்பந்தம் பேசுகிற நேரத்தில் நரம்பு வியாதி என்று வெளியே போகலாமா? அந்தோனிதாசன் மட்டும் அதை நம்பாதவன்போல, "பிள்ளையைக் கோயிலிலை காணேல்லை, என்ன விசயம் அண்ணை?" என்று ஒவ்வொரு பூசைக்கும் கேட்டுக்கொண்டே இருந்தான். கோயில் திருநாள் சாப்பாட்டிலும் போனும் கையுமாக மேசை மேசையாகப் படம் எடுத்தவன் அவன்தான்.

ஞாயிறு தமிழ்ப் பூசை முடிந்து எல்லோரும் மண்டபத்தில் தேத்தண்ணி குடிக்கையில், குருசுமுத்து நேரே அவன் முன்னே போய் நின்றார்.

"கொம்பனிக்குப் போன் அடிச்சுச் சொன்னது நீதானே?"

"எந்தக் கொம்பனி அண்ணை?"

"நடிக்காதை. என்ர பிள்ளைக்கு எம்.எஸ். எண்டு தெரிஞ்சுகொண்டே காசை மறிச்சனி!"

மண்டபமே திரும்பிப் பார்த்தது. எத்தனையோ மாதமாகக் கட்டிக்காத்ததைத் தானே கொட்டிவிட்டதை அப்போதுதான் உணர்ந்தார். அந்தோனிதாசன் கோப்பையைக் கீழே வைத்தான்.

"முதுகு நோ எண்டெல்லோ சொன்னியள்?"

"அதை விடு. அவள் வாற ஆக்களுக்குச் சமைக்கிறாள் எண்டு ஆர் கதை கட்டினது?"

"நீங்கள்தான்!" அவனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "திருநாளுக்கு இறைச்சி றோல்ஸ் தட்டைத் தூக்கிக்கொண்டு மேசை மேசையாத் திரிஞ்சு, 'எல்லாம் மூத்தவளின்ர கைவேலை' எண்டது ஆர்? உங்கட மனுசி பற்றிமா அக்கான்ர உறைப்பு எனக்குத் தெரியாதே? மரியாதைக்கு ஓம் ஓம் எண்டு திண்டனான். வீட்டை வாற வெள்ளையளுக்கும் அப்பிடித்தானே சொல்லுவியள்?"

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். குருசுமுத்து திரும்பிக் காரை நோக்கி நடந்தார்.

வெள்ளைக்காரி. மறுமொழிக்கு முன் விசாரிக்கக் கொம்பனி வீட்டுக்கு அனுப்பிய கியர்ஸ்டன். அவள் வருவதற்கு முன் மகளின் ஊன்றுகோலை அலுமாரிக்குள் ஒளித்தவர் அவர். சோபாவில் கிடந்த போர்வையை மடித்து வைத்ததும் அவர்தான். வீட்டுக்கு வந்தவர் கண்ணில் குறை படக்கூடாது. அஜந்தினி குளியலறைக்குப் போன நேரம் பார்த்து, மனைவி பொரித்த றோல்ஸை நீட்டி, "என் மகள் செய்தது" என்று தன் திருத்தமான டேனிஷில் சொன்னார். கலியாணத்துக்குக் குமர்ப்பிள்ளைகள் உள்ள வீட்டில் தகப்பன் சொல்கிற முறை அது. நம்மவர் யாரும் அதைச் சத்தியவாக்காக எடுப்பதில்லை. அவளோ அதை உண்மையென்றே எடுத்து எழுதிக்கொண்டு போய்விட்டாள்.

காரில் மனைவி பற்றிமா அவர் முகத்தைப் பார்க்கவில்லை. "பொரிச்சவளுக்கு ஒரு பேரும் இல்லை. படுத்துக் கிடக்கிறவளுக்குப் பேர்" என்று மட்டும் சொன்னாள்.

அன்றே மகளிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தார். அவளோ, "Åh, far... ஐயோ அப்பா" என்று முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். மறுநாள் கொம்பனியோடு கதைத்து, கியர்ஸ்டனைத் திரும்ப வரச் செய்தாள்.

இம்முறை மேசையில் ஒன்றும் இல்லை. ஊன்றுகோல் கதிரையில் சாய்ந்திருந்தது. குருசுமுத்து நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அண்டைக்கு நான் சொன்னது பொய். செய்தது என்ர மனுசி" என்றார் டேனிஷில்.

கியர்ஸ்டன் அவரைக் கண் எடுக்காமல் பார்த்தாள். அந்தப் பார்வை அவருக்குத் தெரியும். சாம்பல் காரை அவர் பார்த்த அதே பார்வை.

"அன்று ஊன்றுகோல் இருக்கவில்லை. இன்று இருக்கிறது" என்றாள். "அன்று சொன்னது பொய் என்றால், இன்று சொல்வதை எப்படி நம்புவது?"

அறுபத்தெட்டு வயதுவரை அவர் வாயில் வந்ததை ஒருவரும் அப்படித் திருப்பிக் கேட்டதில்லை. எழும்பிப் போய்க் கதவைத் திறந்து காட்டலாமா என்றிருந்தது. ஓரத்தில் மகளின் கை மடியில் தானாக ஆடிக்கொண்டிருந்தது.

"நம்பாதேங்கோ" என்றார். "சொல்லாமல் வாருங்கோ. எந்த நாளெண்டாலும், பின்னேரத்திலை. வந்து நீங்களே பாருங்கோ."

சொல்லாமல் வந்த மைத்துனனையே ஒருநாள் வாசலில் காக்க வைத்தவர் அவர். பற்றிமா வாயைப் பிளந்தாள்.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து, ஒரு பின்னேரம் மணி அடித்தது. அஜந்தினி சோபாவில் கிடந்தாள். பாதி குடித்த சூப் போர்வையில் ஊற்றுப்பட்டிருந்தது. குருசுமுத்து அவள் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார். பழக்கத்தில் போர்வையை மடிக்கப் போன கை பாதியில் நின்றது. ஊன்றுகோலைத் தொடாமல் போய்க் கதவைத் திறந்தார்.

"வசதியான நேரமா?" என்று கேட்டாள் கியர்ஸ்டன்.

"இல்லை" என்றார் குருசுமுத்து. "உள்ளுக்கு வாருங்கோ."